சோதனை ஓட்டம்

— இல்ல, இதை நான் நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். மனுஷன் சக்கரத்தைக் கண்டுபிடிச்ச நாள்ல இருந்து இன்னைக்கு வரைக்கும், அந்தச் சக்கரத்துக்கு நடந்த ஒரே அவமானம் இந்தக் குழந்தை வண்டிதான்.

— மெதுவாப் பேசுங்க. இப்பதான் அவளுக்குக் கண்ணு சொருகுது.

— பதினாலு வருஷமா பஸ் டிப்போவுல மெக்கானிக். சக்கரத்தைப் பத்தி எனக்குத் தெரியாததா?

— தெரியும். அதனாலதான் கேக்குறேன். அந்தப் பெட்டியைப் பிரிச்சு, மாட்டிக் கொடுங்க.

— பெட்டி நல்லாத்தான இருக்கு. மூணு வாரமா துணி மடிச்சு வைக்க எவ்வளவு வசதியா இருக்கு.

— எங்கண்ணன் தன் மருமகளுக்கு ஆசையா அனுப்பினது. துணி வைக்க இல்ல.

— உங்கண்ணன் மருமகளுக்கு அனுப்பலை. எனக்கு அனுப்பியிருக்கார். 'மாப்ளே, உனக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது, நீ பேசாம இரு'ன்னு அர்த்தம்.

— போன்ல அப்படியா சொன்னாரு?

— அவர் எதுக்குச் சொல்லணும், அதான் பெட்டியே சொல்லுதே. எழுதியிருக்கிறதைப் படி. 'நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன்.' எங்க டிப்போவுல அறுபது பேர் ஏறுற பஸ் ஒண்ணு இருக்கு. பின்பக்கம் சஸ்பென்ஷன் போய் ஆறு மாசமாச்சு. ஏறுறவங்க யாரும் அழறதில்லை. ஆறு கிலோ பிள்ளைக்கு நாலு சஸ்பென்ஷன்!

— ஆறரை.

— என்ன ஆறரை?

— ஆறரை கிலோ. நான்தான தூக்குறேன், எனக்குத் தெரியும்.

— கை எப்படி இருக்கு?

— பட்டை கட்டியிருக்கு, பாக்குறீங்கல்ல. டாக்டர் பதினஞ்சு நாளைக்கு வெயிட் தூக்கக் கூடாதுன்னாரு. 'அப்ப யாரு டாக்டர் தூக்குவா'ன்னு கேட்டேன். அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டுட்டாரு.

— நான் தூக்குறேனே.

— நீங்க தூக்கினா அவ தூங்க மாட்டா. காதுல பேசிக்கிட்டே இருப்பீங்க.

— கதை சொல்றேன்.

— அது கதையா? கியர் பாக்ஸ். அஞ்சு மாசப் பிள்ளைகிட்ட கியர் பாக்ஸ்.

— எவ்வளவு கவனமாக் கேக்குறா தெரியுமா?

— அதான் சொல்றேன், தூங்க மாட்டா. நடந்துகிட்டே இருந்தாத்தான் தூக்கம் வருது மகாராணிக்கு. ஹால்ல இருந்து சமையல்கட்டு, சமையல்கட்டுல இருந்து ஹால். முந்தாநாள் நடந்துகிட்டே நான் தூங்கிட்டேன். ஃப்ரிட்ஜ் மேல முட்டிக்கிட்டு 'சாரி மேடம்'னு சொன்னேன்.

— ஃப்ரிட்ஜ் என்ன சொல்லுச்சு?

— சிரிக்கத் தெம்பில்லைங்க. நாளைக்கழிச்சு மருந்துக்கடையில மறுபடி வேலைக்குச் சேரணும். இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு எந்த மாத்திரையை எந்தக் கவர்ல போடப் போறேனோ. ஒரு மணி நேரம். அவளை அந்த வண்டியில வச்சு, கீழ பார்க்குல ஒரே ஒரு மணி நேரம் தள்ளிட்டு வாங்க. நான் தூங்கணும். வேற எதுவும் கேக்கலை.

— தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போறேன். அதுக்கு எதுக்கு வண்டி?

— போன ஞாயித்துக்கிழமையும் இதான் சொன்னீங்க. பத்தாவது நிமிஷம் காலிங் பெல். 'தோள் வலிக்குது, நீ கொஞ்சம் வாங்கிக்கோ.'

— அன்னைக்கு வெயில்.

— இன்னைக்கும் வெயில்தான்.

— சரி, அந்த வண்டியோட பார்க்குக்குப் போறேன்னே வை. அங்க வண்டி நிக்கிற லட்சணத்தைப் பார்த்திருக்கியா நீ? நல்ல மர நிழல்ல, லெதர் கைப்பிடி வச்சது எல்லாம். அதுக்கு அடுத்து, கப்பு வைக்க இடம் இருக்கிறது. அதுக்கும் அடுத்து மடக்கு வண்டி. பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வர்றவங்க எல்லாம் கழிப்பறை ஓரம். மந்திரி வீட்டு வாசல்ல கூட இவ்வளவு வரிசை கிடையாது.

— தெரியும். நான் கழிப்பறை ஓரம்தான் உக்காருறேன்.

— அதுலயும் நம்ம நாலாவது மாடி பேங்க் மேனேஜர் இருக்காரே, அவர்தான் உச்சம். தினம் நாலு மணிக்கு வண்டியோட லிஃப்ட்ல இறங்குறார். நேத்து பால்கனியில இருந்து பார்த்தேன். காத்துல மூடி தூக்கிக்கிச்சு. உள்ள என்ன இருந்துச்சு சொல்லு பார்ப்போம்?

— அவங்க பையன்.

— தலையணை.

— சும்மா அடிச்சு விடாதீங்க.

— உறையைக் கூடப் பார்த்தேன். பூப்போட்ட உறை. பிள்ளையை வீட்ல விட்டுட்டு வண்டியை மட்டும் ஊர்வலம் விடுறார். யாராவது எட்டிப் பார்க்க வந்தா, வாயில விரலை வச்சு 'ஷ்ஷ்'ங்கறார். தலையணை தூங்குதாம்! நாங்க காலி பஸ்ஸை ஓட்டினாக் கூட 'டிப்போவுக்குச் செல்கிறது'ன்னு போர்டு மாட்டித்தான் ஓட்டுறோம். அந்த நேர்மையாவது வேணாமா ஒரு மனுஷனுக்கு?

— முடிச்சிட்டீங்களா?

— இன்னும் ரெண்டு பாயிண்ட் இருக்கு.

— அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லவா? கத்தக் கூடாது.

— நான் எப்பக் கத்தியிருக்கேன்?

— சரி, கேளுங்க. போன செவ்வாக்கிழமை நடந்தது. பார்க்குல வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு ஒரு அம்மா நடப்பாங்களே.

— எல்லார் வண்டிக்குள்ளயும் தலையை விட்டுப் பார்க்குமே, அதுவா?

— அவங்கதான். நான் இவளை இடுப்புல வச்சுக்கிட்டு நடந்துகிட்டிருந்தேன். அவங்க நின்னு, 'எந்த வீட்ல வேலை பார்க்குறே?'ன்னு கேட்டாங்க.

— என்ன?

— கத்தக் கூடாதுன்னேன்.

— நீ என்ன சொன்னே?

— 'மூணாவது மாடி'ன்னு சொன்னேன்.

— 'இது என் பொண்ணு'ன்னு சொல்லலையா?

— வாயெடுத்தேன். அதுக்குள்ள, 'சம்பளம் எவ்வளவு தர்றாங்க?'ன்னாங்க.

— நீ?

— 'இன்னும் பேசலை'ன்னேன்.

— அடிப்பாவி! நானா இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன். 'அம்மா, இது நான் பெத்த பிள்ளை, நீங்க உங்க வேலையைப் பாருங்க'ன்னு.

— ராத்திரி நாலு மணி நேரம் தூங்கியிருந்தா நானும் சொல்லியிருப்பேன். அன்னைக்கு இவ அப்பதான் தோள்ல சாய்ஞ்சா. நின்னு விளக்கம் சொன்னா முழிச்சுக்குவா. 'இன்னும் பேசலை'ன்னா ரெண்டே வார்த்தை. அவங்களும் போயிட்டாங்க, இவளும் தூங்கிட்டா. வீட்டுக்கு வந்தப்புறம்தான் எனக்குக் கொஞ்சம் அழுகை வந்துச்சு.

— ம்.

— அதுவும் ரொம்ப நேரம் இல்ல. எங்க எழுந்து போறீங்க?

— ஸ்பானர் எடுக்க.

*

— முப்பத்தாறு பக்கம். ஒரு வார்த்தை கிடையாது. எல்லாம் படம். இந்தப் படத்துல ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே மாட்டுறான் பாரு. இவன் நிச்சயம் பிள்ளை பெத்தவன் இல்ல.

— பஸ் இன்ஜினையே இறக்கி ஏத்துறவரு.

— பஸ் இன்ஜின்ல எது முன்னாடி எது பின்னாடின்னு தெரியும்மா. அந்த வாஷரைக் கொடு. அது இல்ல, சின்னது. ஆங்.

— ஏங்க.

— இரு, இந்த நட்டு மட்டும். ராட்செட் ஸ்பானர் போட்டாத்தான் பிடிக்கும்.

— அந்தச் சத்தத்தை நிறுத்தாதீங்க.

— எது, இந்தக் கடகடவா?

— நிறுத்தாதீங்கன்னேன். சுத்திக்கிட்டே மெதுவாத் திரும்பிப் பாருங்க. பாயில.

— அட.

— வாயைப் பொளந்துகிட்டு தூங்குறா. நடக்கலை, தூக்கலை, ஆட்டலை. ஸ்பானர் சத்தத்துக்குத் தூங்குறா.

— தொழில் ரத்தத்துல இருக்கு.

— நானும் இப்படியே பக்கத்துல சாய்ஞ்சுக்கறேன். கட்டில் வரைக்கும் நடந்தா தூக்கம் போயிடும்.

— மாட்டி முடிச்சாச்சும்மா. இப்ப வண்டியை என்ன பண்றது?

— வண்டி வேணாம். நீங்க சத்தம் போடாம இருந்தாப் போதும்.

— நான் எங்க இருக்கிறது? ஹால் பூரா நீங்க ரெண்டு பேரும். ரூம் கதவு கிரீச்சுங்குது. நாற்காலி நகர்ந்தா கத்துது. நான் கொட்டாவி விட்டாலே அவ எழுந்துக்குவா.

— அப்ப கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வாங்க.

— அதுவும் சரிதான். மாட்டின வண்டியை ஓட்டிப் பார்க்காம ஒப்படைக்கக் கூடாது, டிப்போவுல சட்டமே இருக்கு. ஒரு சோதனை ஓட்டம்.

— காலி வண்டியையா?

— காலியா ஓட்டினா சஸ்பென்ஷன் தெரியாது. லோடு வேணும். என் டூல் பேக் சரியா ஆறரை கிலோ இருக்கும்.

— மேல அவ போர்வையைப் போட்டு மூடுங்க.

— எதுக்கு மூடணும்? யாராவது கேட்டா 'டூல் பேக்'ன்னு சொல்லிட்டுப் போறேன். எனக்கென்ன பயம்?

— சட்டையையாவது மாத்துங்க. காக்கி பூரா கிரீஸ்.

— பீரோவைத் திறந்தா சத்தம் வரும்.

— போர்வை…

— சரி, போட்டுட்டேன். தூங்கு.

*

— அட, மூணாவது மாடி பிரதர்! புது வண்டியா? ஆக்சுவலா, இது இப்ப வந்த மாடல் இல்ல?

— சாதா வண்டிதான் மேனேஜர் சார். மச்சான் அனுப்பினார். நான் வேணாம்னுதான் சொன்னேன்.

— கைப்பிடி லெதரா?

— லெதர்தான். கை வேர்க்காது. நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன்.

— நாலுக்குமா? என்னுதுல பின்னாடி ரெண்டுக்குத்தான்.

— அதான் பார்த்தேன். திருப்பத்துல உங்க வண்டி லேசா இடது பக்கம் இழுக்குது சார்.

— பாப்பா தூங்குறாளா?

— ஷ்… ஆமா சார்.

— குட், குட். அது வந்து, பிரதர், ஆக்சுவலா கேக்கலாமான்னு தெரியலை. இப்ப அந்தக் கல்லு மேல ஏறினப்ப பாப்பாகிட்ட இருந்து ஒரு சத்தம் வந்துச்சு.

— என்ன சத்தம்?

— இரும்பு மேல இரும்பு விழுந்த மாதிரி.

— கிலுகிலுப்பை சார்.

— ரொம்பக் கனமான கிலுகிலுப்பையா இருக்கும் போல.

— பத்தொன்பதாம் நம்பர்.

— பத்தொன்பதாம் நம்பர்னா ஸ்பானர் இல்ல?

— டூல் பேக் சார். பாப்பா வீட்ல தூங்குது. அவங்கம்மாவும் தூங்குறாங்க.

— அப்பாடா.

— எதுக்கு சார் அப்பாடா?

— இல்ல, மூணு மாசமா இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான்னு நினைச்சுகிட்டிருந்தேன். என்னுதுல தலையணை.

— பூப்போட்ட உறை.

— எப்படித் தெரியும்?

— காத்துல தெரிஞ்சுது சார். விடுங்க.

— பையன் இதுல ஒரு நாள்கூட உக்காரலை பிரதர். வச்ச உடனே கத்துவான். இந்த நாலு மணிக்குத்தான் அம்மாவும் பிள்ளையும் கொஞ்சம் கண் அசருவாங்க. வீட்ல நான் ஒருத்தன் நடமாடினா, ஆக்சுவலா பெரிய தொந்தரவு. கால் விரல் சொடக்குப் போட்டாக் கூட அவன் எழுந்துக்குறான்.

— அதுக்குத் தலையணையைத் தள்ளணுமா? சும்மா வந்து பெஞ்சுல உக்காரலாமே.

— கேட்ல போர்டைப் படிக்கலையா? 'பெஞ்சுகள் குழந்தைகளுடன் வருவோருக்கு மட்டும்.' முதல் நாள் தனியா வந்து உக்காந்தேன். பேங்க் ஐடி கார்டைக் காட்டியும் செக்யூரிட்டி எழுப்பி விட்டுட்டார். மறுநாள் வண்டியோட வந்தேன். சல்யூட் அடிச்சார். உள்ள என்ன இருக்குன்னு பார்க்கவே இல்லை.

— எனக்கும் அடிச்சார் சார்.

— வண்டியைப் பார்த்து.

— தெரியும். பதினாலு வருஷமா காக்கி போடுறேன், இதுதான் முதல் சல்யூட். நானும் திருப்பி அடிச்சிட்டேன்.

— வாங்க, அப்படி மரத்தடியில நிறுத்துங்க. அந்த லெதருக்கு வெயில் ஆகாது.

— அதுவும் சரிதான். இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி விடுறேன். வெடிச்சுப் போயிடும்.

— டீ குடிக்கிறீங்களா? தலையணைக்கு அடியில ஃபிளாஸ்க் இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு பத்து நிமிஷம் சாய்ஞ்சாலும் இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் பார்த்துக்கறேன். அப்புறம் நீங்க பார்த்துக்கோங்க.

— பெஞ்சு நல்லா இருக்கு சார். இப்படி முதுகைச் சாய்ச்சு அஞ்சு மாசம் ஆச்சு. நாளைக்கும் நாலு மணிதான?

— தினம் நாலு மணி. ஐயையோ, பிரதர், எழுந்திரிங்க. வெள்ளைத் தொப்பி வருது. மூடியை இறக்குங்க.

— அந்த அம்மாவா? வரட்டும் சார். அவங்களுக்கு நான் ஒரு பதில் வச்சிருக்கேன். என் வீட்டுக்காரி சார்பா. மூஞ்சிக்கு நேரா.

— பிரதர், கொஞ்சம் கேளுங்க. நீங்க விளக்கம் சொன்னா அவங்க நிப்பாங்க. நின்னா எட்டிப் பார்ப்பாங்க. பார்த்தா ஸ்பானர். நேராப் போய் செக்யூரிட்டிகிட்டதான் நிப்பாங்க. அதோட நம்ம ரெண்டு பேருக்கும் பெஞ்சு கிடையாது.

— என் பொண்டாட்டியை அழ வச்சவங்க சார்.

— புரியுது. உங்க இஷ்டம். வந்துட்டாங்க.

— ஷ்ஷ்… மெதுவா மேடம், இப்பதான் தூங்குச்சு… நானா? மூணாவது மாடியில… சம்பளமா? இன்னும் பேசலை மேடம்.