புதுக் குதிரைக்குக் காது எதற்கு

கரோல் பாக்கில் மெட்ரோ ஏறிய ஓர் இளம் தம்பதி என் எதிரே உட்கார்ந்தார்கள். மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. கணவன் மடியில் புத்தம் புதிய மரக்குதிரை.

“ஏங்க, ஒரு காதை உடைச்சிடுங்க.”

“ஐயோ, எதுக்கு?”

“பிரசவத்துக்கு முன்னாடி புதுசா எதுவும் வாங்கி வரக்கூடாதுன்னு உங்கம்மா சொல்லியிருக்காங்கல்ல? பழசுன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. குழந்தை ரூமுக்குத் தொட்டில் அப்படித்தானே வந்துச்சு?”

அவன் வீட்டுச் சாவியால் குதிரையின் முதுகைச் சுரண்டினான்.

“அச்சா, இப்ப பழசாத் தெரியுதா?”

“மூஞ்சி இன்னும் பளபளன்னு இருக்கு. ஜல்தி, ஸ்டேஷன் வந்துடும்.”

“குழந்தை ரூம் ஜன்னல் திரை என்னாச்சு?”

“அக்கா வீட்டுல டீத்தண்ணில ஊறப்போட்டிருக்கேன். நல்லாப் பழுப்பேறிடுச்சு.”

காதைத் திருகினான். கையோடு வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குத் திடீரென்று பயம் வந்தது.

“குழந்தையும் புதுசுன்னு அம்மா வாசல்லயே நிறுத்திட்டா?”

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

“ஒன்பது மாசமா உபயோகத்துல இருக்கு. இதைப் போய் யாராவது புதுசும்பாங்களா?”