ஆறு பேருக்கு ஒரு நெஞ்சு

அன்பும் அமைதியும் துலங்க இந்த அவையை நடத்திக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே, என் வலப்பக்கம் அமர்ந்து அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பட்டறை மேலாளர் அவர்களே, எங்கள் நெஞ்சுக்குள் இருப்பதை எங்களைவிட நன்றாக அறிந்த மருத்துவர் அம்மையார் அவர்களே, இரும்பை இரும்போடு இணைத்து இணைத்துக் கண் சிவந்த வெல்டர் பெருமக்களே, இணைத்ததைத் தேய்த்துத் தேய்த்துத் தோள் தேய்ந்த கிரைண்டர் தோழர்களே, எங்கள் தலைக்கு மேலே பத்து டன்னைத் தொங்கவிட்டு எங்களுக்குப் பக்தி வளர்க்கும் கிரேன் ஓட்டுநர்களே, வீட்டுக்கு வருகிற சட்டையின் வாசனையை வைத்தே அன்றைக்கு என்ன வேலை என்று சொல்லிவிடும் தாய்மார்களே, சகோதரிகளே, மூன்றாவது வரிசையில் ஜன்னலோரமாக, கைக்குட்டைக்குள் இருமலை மடித்து வைத்துக்கொண்டு என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் அன்புக்குரியவரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த வணக்கத்தை ஒரு காலத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பேன். எனக்கு ‘மைக்கு’ என்று பட்டப்பெயர் வைத்தவர்களே நீங்கள்தானே? இன்றைக்கு நடுவில் நான்கு இடத்தில் நின்றேன். நீங்கள் எண்ணியிருப்பீர்கள். எண்ணாதது போல் இருந்ததற்கு நன்றி. என் வலது நுரையீரலின் மேல்பகுதியை அறுத்து எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

தலைவர் சீட்டு அனுப்புகிறார், ‘உட்கார்ந்து பேசலாம்’ என்று. ஐயா, உட்கார்ந்து பேசினால் அது வீட்டுப் பேச்சு. நின்று பேசினால்தான் மேடைப் பேச்சு. நிற்கிறேன்.

இப்போது மணி நாலேகால். வெளியே எக்ஸ்ரே வண்டி நிற்கிறது. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடும். மறுபடி வருவது அடுத்த ஆண்டு. இதோ என் கையில் இருக்கும் பித்தளை டோக்கனைப் பாருங்கள். எண் நாற்பத்தொன்று. இது என்னுடையது அல்ல. இதற்கு உரியவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். ஐந்து மணிக்குள் அவர் இதை வாங்கிக்கொண்டு அந்த வண்டியில் ஏற வேண்டும். நான் இன்றைக்குப் பேச வந்தது அதற்காகத்தான். மற்றதெல்லாம் அலங்காரம்.

முன்வரிசையில் இருக்கும் என் மனைவி, மேடை ஏறுமுன் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். “எங்க அண்ணன் பேரை மட்டும் சபையில எடுத்துடாதீங்க. அப்புறம் நான் அவர் முகத்துல முழிக்க முடியாது” என்றாள். வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பேன். பெயரைத்தான் சொல்லக் கூடாது என்றாள், எண்ணைச் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை.

சிரியுங்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள். இனிச் சொல்லப்போவதை நான் இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை வண்டி வரும், படம் எடுக்கும், நெஞ்சில் கோளாறு இருந்தால் ‘அன்ஃபிட்’ என்று எழுதும். அன்ஃபிட் என்றால், டேங்குக்குள் இறங்கி வெல்டிங் செய்யும் டேங்க் வேலை கிடையாது. டேங்க் வேலை இல்லாவிட்டால் வெல்டருக்கு என்ன இருக்கிறது? ஆகவே நாங்கள் பயந்தோம். எதற்குப் பயந்தோம்? நோய்க்கா? இல்லை. சாவுக்கா? அதுவும் இல்லை. ஒரு காகிதத்துக்குப் பயந்தோம்.

அந்தப் பயத்தில் என் மச்சான் ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் சொன்னார். அப்போதே அவருக்கு இருமல். “மாப்ள, எனக்கு நெஞ்சு கரகரங்குது. இந்தத் தடவை மாட்டிப்பேன் போலிருக்கு.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘அப்படியானால் முதல் ஆளாகப் போ’ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. “கவலைப்படாத மச்சான். நான் சிகரெட்டைக் கையால தொட்டதில்ல. என் நெஞ்சு கண்ணாடி. உன் டோக்கனைக் குடு, உனக்கும் சேர்த்து நானே நின்னுடறேன்.”

பட்டறையில் ரகசியம் தங்குமா? மறுநாள் இன்னும் நான்கு டோக்கன்கள் வந்து சேர்ந்தன. என்னுடையதோடு ஆறு. வண்டியில் இருந்தவர் டோக்கனைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். ஒரு தடவை தொப்பி, ஒரு தடவை தலையில் துண்டு, ஒரு தடவை கன்னத்தில் கரி. ஒரே ஒருமுறை அவர் கேட்டார், “உங்களை இப்பத்தான் பார்த்த மாதிரி இருக்கே?” நான் சொன்னேன், “வெல்டருங்க எல்லாம் ஒரே கரிதான் சார்.” அவர் சிரித்துவிட்டு, “மூச்சை இழுங்க, பிடிங்க, விடலாம்” என்றார். ஆறு தடவை இழுத்தேன், ஆறு தடவை பிடித்தேன், ஆறு தடவை விட்டேன். ஆறு பேரும் ஃபிட்.

மருத்துவர் அம்மா தலையில் கை வைக்கிறார். வையுங்கள் அம்மா, வைக்க வேண்டியதுதான். இப்படி இரண்டு ஆண்டுகள் நடந்தன. எனக்குப் பெருமை. ஆறு குடும்பத்தின் சோறு என் நெஞ்சில் இருக்கிறது என்ற பெருமை.

மூன்றாம் ஆண்டு கடிதம் வந்தது. எத்தனை கடிதம்? ஆறு கடிதம். ஆறு வீட்டுக்கும் ஒரே நாளில், ஒரே வாசகம்: வலது நுரையீரலின் மேல்பகுதியில் நிழல் தெரிகிறது, உடனே வரவும்.

ஆறு வீட்டிலும் அழுகை. ஆனால் அதே குழாயடியில் ஆறு பேரும் ஆறு கடிதத்தோடு நின்றபோது ஐந்து பேர் அழவில்லை. ஐந்து பேரும் என்னையே பார்த்தார்கள். ஆறும் என் ஒருவன் நெஞ்சின் படம் என்று அவர்களுக்குத் தெரியும். ஐந்து முகத்திலும் முதலில் வந்தது நிம்மதி, அடுத்து வந்தது வெட்கம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நான் இருந்தாலும் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

இதோ இங்கே இருக்கும் இதே அம்மையார்தான் ஆறு படத்தையும் வெளிச்சத்தில் வரிசையாக மாட்டினார். ஏணியிலிருந்து விழுந்து என் இடது விலா ஒருமுறை உடைந்து கோணலாகக் கூடியது உங்களுக்குத் தெரியும். ஆறு படத்திலும் அதே கோணல் விலா. அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார், “ஆறு பேரும் ஒரே ஏணியிலிருந்தா விழுந்தீங்க?” நான் தலை குனிந்தேன். அவர் திட்டவில்லை. “அப்படின்னா அந்த அஞ்சு பேரோட நெஞ்சை இதுவரைக்கும் யாருமே பார்க்கல, இல்லையா?” என்றார். எனக்குப் புற்றுநோய் என்று சொன்னபோதுகூட எனக்கு அப்படி வியர்க்கவில்லை, பெரியோர்களே.

என்னைப் பார்க்க வந்தவர்கள் பழத்தைக் கீழே வைப்பதற்கு முன் கேட்ட கேள்வி ஒன்றுதான். “சிகரெட் பிடிப்பீங்களா?” இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். ரகசியமாகப் பிடித்திருப்பேன் என்று என் மனைவியிடம் கேட்பார்கள். புகைப்பவனுக்கு ஆபத்து அதிகம், மறுக்கவில்லை. விட முடிந்தவர்கள் இன்றே விடுங்கள். ஆனால் நாம் டேங்குக்குள் இறங்கி நாள் முழுக்க இழுத்தோமே, அதற்குப் பெயர் என்ன, பன்னீரா? மாஸ்க்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டோம், மேலதிகாரி வந்தால் மூக்குக்கு ஏற்றினோம். யாரை ஏமாற்றினோம்? புகையையா, அதிகாரியையா?

பட்டறையில் இருமாதவன் உண்டா? எல்லாரும் இருமுகிற இடத்தில் யார் இருமல் யாருக்குக் கேட்கும்? ‘பட்டறை இருமல்’ என்று அதற்குச் செல்லப்பெயர் வேறு. எனக்கு இருமலே பெரிதாக இல்லை. தோளில் ஒரு வலி, இடுப்பில் நிற்காத பேண்ட், அவ்வளவுதான். “இளைச்சா அழகாத்தான் இருக்கீங்க” என்று சொன்னாள் என் மனைவி. இப்போது அதை நினைத்து அவள்தான் அழுகிறாள். அழாதே, உனக்கென்ன தெரியும்?

தோழர்களே, மூன்று வாரத்துக்கு மேல் நிற்காத இருமல், சளியில் ஒரு சொட்டு ரத்தம், காரணமில்லாத இளைப்பு, மாறிப்போன குரல், படியேறினால் வாங்கும் மூச்சு. இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். புற்றுநோயாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று அவர் சொல்லட்டும், நாமே சொல்லிக்கொள்ள வேண்டாம். எக்ஸ்ரேயிலும் சில நேரம் தப்பிவிடும், ஸ்கேன் எடுக்கச் சொன்னால் எடுங்கள்.

எனக்கு அறுவை நடந்தது, ஊசி மருந்து ஏறியது, இப்போது தினம் ஒரு மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். ஸ்கேனுக்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். வீட்டு மாடிக்குப் பதினான்கு படி. ஏழாவது படியில் என் மனைவி ஒரு முக்காலி போட்டிருக்கிறாள். அதில் உட்கார்ந்து மூச்சு வாங்குவேன், மிச்சம் ஏழு படி ஏறுவேன். ஆனாலும் ஏறுகிறேன். அந்த முக்காலியில் இப்போது செய்தித்தாள் படிக்கிறேன், பேத்தியோடு சண்டை போடுகிறேன். நோயோடு வாழ்வது என்றால் என்ன என்று கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் அந்த ஏழாவது படிதான்.

கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர்.

நன்றி. மணி நாலரை.

அந்த ஐவரில் நால்வர் மறுவாரமே தங்கள் சொந்த நெஞ்சைக் காட்டிவிட்டு வந்தார்கள். நால்வருக்கும் ஒன்றுமில்லை. ஐந்தாமவர் போகவில்லை. இரண்டு ஆண்டுகளாகப் போகவில்லை. என் கையில் தண்ணீர் கொடுத்து, என்னைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர் அவர்தான். என்னை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நின்று இருமுவார், தான் மட்டும் உள்ளே வர மாட்டார்.

ஒருநாள் மடக்கிக் கேட்டேன். சொன்னார். “மாப்ள, உனக்கு வந்துச்சு, ஊரே ஐயோ பாவம்னுச்சு. நான் ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் ஊதறவன். எனக்கு வந்தா என்ன சொல்வாங்க? நல்லா வேணும்னு சொல்வாங்க. அதைக் கேக்கறதுக்குத் தெரியாமலே போயிடலாம்.”

இன்றைக்கு உங்களைக் கேட்கிறேன். நோய் வந்தவனைப் பார்த்து ‘உனக்கு வேண்டும்’ என்று சொல்ல எவனுக்கு உரிமை? புகைத்தவன் நுரையீரல் நுரையீரல் இல்லையா? அவன் பெண்டாட்டி பெண்டாட்டி இல்லையா? புகைக்காதவன் ‘எனக்கு வராது’ என்று ஒளிந்தான். புகைப்பவன் ‘எனக்கு வந்தால் கேவலம்’ என்று ஒளிகிறான். இரண்டு பேரையும் தேடிக் கண்டுபிடிக்க நோய்க்குத் தெரிகிறது, மருத்துவருக்குத்தான் வழி விட மாட்டேன் என்கிறோம்.

இன்று காலை கேட்டில் டோக்கன் கொடுத்தார்கள். நம்மவர் தன் டோக்கனைக் கிரேன் ஓட்டுநர் கையில் திணித்தாராம். “நீ மேலயே உக்கார்ந்திருக்கவன், புகை உன்கிட்ட வராது. எனக்கும் சேர்த்து நின்னுடு” என்றாராம். அவர் சொன்னாராம், “அண்ணே, புகை கீழயா போகும்? மேலதான வரும்?” அவர் அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார், அப்படித்தான் டோக்கன் என் கைக்கு வந்தது. நான் காட்டிக்கொடுத்த பழைய வழி, அதே வழியில்தான் அவர் போகிறார். அந்தப் பாவம் என்னுடையது.

மேலாளர் அவர்களே, நான் செய்தது மோசடி. என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. இன்று படம் எடுத்து ஒருவருக்கு நிழல் தெரிந்தால், அவர் வேலை என்ன ஆகும்? தலையாட்டுகிறீர்கள். தலையாட்டுவது மைக்கில் கேட்காது ஐயா, எழுந்து சொல்லுங்கள். ... கேட்டீர்களா? “வேலை போகாது, வேறு பிரிவில் வேலை கொடுப்போம், எழுதியும் தருவோம்” என்கிறார். கைதட்டல் பிறகு. சங்கச் செயலாளரே, முதலில் அதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இனி அந்தக் காகிதத்தின் பயமும் இல்லை. மணி நாலு நாற்பது.

மச்சான். மேடை மொழி போதும். என் பொண்டாட்டி திட்டினாலும் பரவாயில்ல. அன்னைக்கு உன் டோக்கனை நான் வாங்கினேன். வாங்காம இருந்திருந்தா, உன் நெஞ்சை நாலு வருஷத்துக்கு முன்னாடியே பார்த்திருப்பாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வராதது என் நோயால இல்ல, உன் இருமலால. நீ கெட்ட பேருக்குப் பயப்படற. உனக்கு ஏதாச்சும்னா, அது என்னால. இந்தா உன் டோக்கன். நீ வந்து வாங்கற வரைக்கும் நான் உக்கார மாட்டேன்.

யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். திரும்பிவிட்டீர்கள். சரி, வழியாவது விடுங்கள்.

எழுந்துவிட்டார்.

அவர் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். “மூச்சு வாங்குது பாரு. பேசினது போதும், உக்காரு. டோக்கனைக் குடு.” இதோ, கொடுத்துவிட்டேன்.

வாசலைத் தாண்டினால் வலப்பக்கம் கேட், இடப்பக்கம் வண்டி. என் மனைவியும் பின்னாலேயே போகிறாள். வாசலில் நிற்கும் கிரேன் தோழரே, எந்தப் பக்கம் திரும்பினார்? ... கையைத் தூக்கிக் காட்டுங்கள், பின்வரிசைக்குத் தெரியட்டும்.

இடப்பக்கம்.

அந்தப் படத்தில் என்ன வரும்? எனக்குத் தெரியாது. நல்லதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இல்லாவிட்டால் எங்கள் வீட்டுப் படியில் இன்னொரு முக்காலி போடுவோம். ஆனால் அதில் கோணல் விலா இருக்காது. முதல் தடவையாக நாற்பத்தொன்றாம் எண்ணில் நாற்பத்தொன்றாம் ஆளின் நெஞ்சு இருக்கும்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், என்னை உயிரோடு இங்கே நிறுத்திய அம்மையாருக்கும், எழுந்து நின்று வாக்களித்த மேலாளருக்கும், எனக்கு மேடை தந்த தலைவருக்கும் நன்றி. டோக்கன் வைத்திருக்கும் மற்றவர்களும் எழுந்திருங்கள், இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது.

ஜன்னல் வழியே எக்ஸ்ரே வண்டிக்காரர் குரல் கேட்கிறதா? “மூச்சை இழுங்க, பிடிங்க” என்கிறார். இங்கேயும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறோம். வணக்கம்.