இரண்டு இரும்புக் குல்லாக்கள் குறித்து அழகம்மா எழுதிக் கொடுத்தது

குருண் போலீஸ் நிலையம், ஜப்பான் கணக்கில் 2603ஆம் வருடம் மே மாதம், திங்கட்கிழமை காலை.

இதை எழுதும்போது இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் மலாய் இன்ஸ்பெக்டர் துவான். அவர் பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்லும் ரைட்டர் குழந்தைவேலு. ஜன்னலோரம் ஜப்பான் சார்ஜண்ட் துவான். கதவோரம் தரையில் எங்கள் தோட்டத்துக் குணவதி. பிறகு நான். என் கணவர் இந்த அறையில் இல்லை, பின்னால் லாக்கப்பில் இருக்கிறார், இருமுவது கேட்கிறது. மேசைமேல் குணவதி கொண்டுவந்த இரும்புக் குல்லா ஒன்றும் நான் கொண்டுவந்த இரும்புக் குல்லா ஒன்றும் இருக்கின்றன.

என் பெயர் அழகம்மா, வயது முப்பத்து நான்கு, புக்கிட் கெத்தாப்பாங் தோட்டத்து ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி பரஞ்சோதியின் மனைவி, அதே தோட்டத்தில் கிராணி வீட்டில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை. பாட்டுப் புத்தகத்தையும் அரிசி மூட்டை எழுத்தையும் பார்த்து நானே படித்துக்கொண்டேன். ரைட்டர் தான் எழுதிக்கொள்வதாகச் சொன்னார், நான் என் கையாலேயே எழுதித் தருவதாகச் சொன்னேன், இன்ஸ்பெக்டர் துவான் சம்மதித்தார்.

என் கணவர் வேலை பார்க்கும் ஸ்டோரில் அமோனியா சிலிண்டர்கள் இருக்கும். முன்பு ரப்பர் பால் உறையாமல் இருக்க அதைக் கலப்பார்கள். இப்போது சுங்கைப்பட்டாணி ஐஸ் பாக்டரிக்கு அனுப்புகிறார்கள். அது விஷவாயு, மூச்சில் ஏறினால் நெஞ்சை அடைக்கும், கண்ணைப் பொசுக்கும். அதனால் சிலிண்டரை வண்டியில் ஏற்றுவதற்கு முன் செய்யவேண்டியவை என்று உத்தரவு உண்டு. வால்வை இறுக மூட வேண்டும், சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும், வால்வின் வாயில் திருகடைப்பு போட வேண்டும், வால்வில் அடி படாமலிருக்க அதன்மேல் இரும்புக் குல்லாவைக் கழுத்துவரை திருக வேண்டும். அமோனியாவுக்குப் பித்தளை வால்வு ஆகாது, இரும்பு வால்வுதான். காலி சிலிண்டராக இருந்தாலும் குல்லா இல்லாமல் வெளியே போகக் கூடாது. ஜப்பான் துவான்மார் வந்த பிறகும் இதே உத்தரவு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வாசிக்கப்பட்டது, குல்லா இல்லாமல் ஏற்றினால் சதிவேலையாக எடுத்துக்கொள்ளப்படும் என்றும் சேர்த்து வாசித்தார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று ரைட்டர் கேட்டார். மற்ற வீட்டில் புருஷன்மார் சாப்பிடும்போது என்ன பேசுவார்களோ தெரியாது, என் வீட்டில் வால்வுப் பேச்சுதான். நுரை தடவிப் பார்ப்பதற்கும் கடையில் சோப்பு கிடைக்காததால் நான் சாம்பலும் எண்ணெயும் காய்ச்சிச் செய்த சோப்பில்தான் துண்டு வெட்டிக் கொண்டுபோவார்.

போன வருடம் வீடுகளில் உள்ள பித்தளை, வெண்கலம் எல்லாம் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு வந்தபோது என் வெண்கலத் தூபக்காலையும் கொடுத்தேன். அதற்குப் பிறகு உடைந்த ஓட்டுச் சில்லில் நெருப்பு வைத்து, சாம்பிராணி இல்லாததால் டாமார் பிசினைப் போட்டு, மாரியம்மனுக்கு வெள்ளிக்கிழமைகளில் புகை காட்டிவந்தேன். சில்லு சூட்டில் வெடிக்கும், வேறு தேடுவேன்.

அதன் பிறகு மாசி மாதத்தில் ஒரு நாள், இரவல் வாங்கிய முறத்தைத் திருப்பிக் கொடுக்கக் குணவதி வீட்டுக்குப் போனேன். குணவதியின் புருஷன் மணியத்தை சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப்போய் விட்டார்கள், அவள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தனியாக இருக்கிறாள். அவள் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் பிரிமணையில் இந்தக் குல்லா நிமிர்த்தி வைத்த கிண்ணம் போல் உட்கார்ந்திருந்தது, உள்ளே நெருப்பு, பக்கத்துத் துளைகளில் புகை வந்துகொண்டிருந்தது. நல்ல தூபக்கால். இது ஏது என்று கேட்டேன். அவள், "கிராணி அண்ணன் குடுத்தாருக்கா. பழைய காலி சிலிண்டரோடதாம். வெளிம்பு கையக் கீறும்னு அவரே அரத்தால ராவிக் குடுத்தாரு," என்றாள். நான் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். கல்யாண வளையல் போல வழவழப்பாக இருந்தது. அன்று அவள் கொடியில் காயப்போட்டிருந்த சேலையில் என் சோப்பின் வாசனை இருந்தது.

அவருக்கும் அவளுக்கும் தப்பான உறவு உண்டா என்று ரைட்டர் கேட்டார். நான் கண்ணால் பார்க்காததை எழுத மாட்டேன். பார்த்தது குல்லாவும் சேலையும்தான்.

அதன் பிறகு நான் வீட்டில் ஒன்றும் கேட்காமல்தான் இருந்தேன். ஆனால் தண்ணீர்ப் பைப்பில் லயத்து ராக்காயி எல்லோர் முன்னாலும், "என்ன கிராணியம்மா, ஒங்க வீட்டுக்காரரு லயத்துக்கெல்லாம் தூபம் போடுறாராம்லா, ஒங்க வீட்டு அம்மனுக்கு மட்டும் ஓட்டுச் சில்லா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் குடத்தை நிரப்பாமல் வந்துவிட்டேன்.

போன வாரம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது நானும் ஒரு குல்லா வேண்டும் என்று கேட்டேன். அவர், "பழசையெல்லாம் இரும்பு உருக்க ஏத்திட்டாங்க. இப்ப நிக்கிறது பினாங்கிலேர்ந்து வந்த புதுசு, நெறஞ்சது. அதுல கை வைக்கக் கூடாது," என்றார்.

"அவளுக்கு மட்டும் கை வெச்சீங்க."

"அது காலி சிலிண்டரும்மா."

"காலியானாலும் குல்லா வேணும்னு இதே எலையில ஒக்காந்து ஓதினது யாரு?"

அவர் மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு குல்லாவை வேட்டி மடிப்பில் கொண்டுவந்து அடுப்பங்கரையில் வைத்து, "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் குடுத்துரு. வண்டி சனிக்கிழமைதான் கெளம்புது," என்றார். நான் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். இது ராவப்படவில்லை. விரல் கீறியது. அவளுக்கு ராவத் தெரிந்த கைக்கு எனக்கு ராவத் தெரியவில்லையா என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை குளித்து, அந்தக் குல்லாவில் நெருப்பு வைத்து, டாமார் போட்டுப் பூசை தொடங்கினேன். பாதியில் அவர் ஓடிவந்தார். ஐஸ் பாக்டரிக்கு அன்றே ஒரு சிலிண்டர் போகவேண்டும் என்று சார்ஜண்ட் துவான் ஆள் அனுப்பியதும், குல்லா இல்லாத அந்தச் சிலிண்டரைத்தான் வாசலோரம் நிற்கிறதென்று எடுத்து வண்டியில் ஏற்றுகிறார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "குல்லாவக் குடு," என்றார்.

நான், "அவளுக்கு ஒண்ணு பத்தலியா?" என்றேன்.

அவர் நெருப்பைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். எங்கள் வீட்டில் அம்மனுக்கு மூட்டிய தூபத்தைத் தீபாராதனைக்கு முன் கொட்டும் வழக்கம் இல்லை, அவரும் அதை மீறியது இல்லை. "சரி, ஆறட்டும். நான் போய் வண்டிய நிறுத்துறேன்," என்று ஓடினார். நான் மிச்சப் பாட்டையும் பாடித் தீபம் காட்டி முடித்தேன். வழக்கமாகப் பாடுவதைவிட ஒரு பாட்டு கூடுதலாகப் பாடினேன். அவர் திரும்பி வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டுதான் பாடினேன்.

அவர் போவதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. மாட்டுவண்டிக்காரர் சின்னையா வண்டியை ஓட்டிப் போனார். அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஏற்றியதை ஓட்டினார். என் கணவர் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடியதைப் பால் காட்டில் ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்த பலர் பார்த்திருக்கிறார்கள். சின்னையா திரும்பிப் பார்த்ததில் மாடு ஒதுங்கி, மதகுப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி, சிலிண்டர் உருண்டு வால்வு கல்லில் மோதி முறிந்தது. அதன் பிறகு வந்த வாடை எங்கள் வீடுவரை எட்டியது. நான் ஓடிப் போனபோது ஒரு மாடு செத்துக் கிடந்தது. என் கணவர் நனைந்த சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு சின்னையாவைக் காற்று வரும் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார். குணவதி குடம் குடமாகச் சின்னையா கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் ஊற்றியதை நான் மறைக்கவில்லை. எனக்கு முன்னால் அவள் அங்கே இருந்தாள் என்பதையும் மறைக்கவில்லை. சின்னையாவின் கண்கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. நேற்றும் இன்றும் அவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன்.

அன்று சாயங்காலம் என் கணவரைச் சதிவேலை செய்ததாகப் பிடித்து வந்தார்கள். சதிவேலைக்கு என்ன தண்டனை என்று எல்லோருக்கும் தெரியும். குல்லா எங்கே என்று கேட்டதற்கு அவர் வாயே திறக்கவில்லையாம். என் பெயர் வரக்கூடாது என்றுதான் திறக்கவில்லை என்று நான் நம்புகிறேன்.

அதன் பிறகு நேற்று குணவதி தன் குல்லாவைத் துணியில் சுற்றி இங்கே கொண்டுவந்து, தானே அதைத் திருடியதாகவும் கிராணி அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது என்றும் வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள். ரைட்டர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். அது உண்மை இல்லை. கீழே விழுந்த சிலிண்டரின் குல்லா அவளுடையது இல்லை, என்னுடையது. தன்னுடையதுதான் என்று அவள் நினைத்திருக்கலாம், நினைக்காமலும் சொல்லியிருக்கலாம். என் கணவருக்காக ஜெயிலுக்குப் போக இன்னொரு வீட்டுப் பெண் வரவேண்டியதில்லை, நான் இருக்கிறேன். அவள் போனால் அவர் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடும்போதெல்லாம் அவளை நினைப்பார். அது எனக்கு வேண்டாம்.

நான் சொல்வதைத் துவான்மார் நம்பவேண்டியதில்லை, இரும்பைப் பார்த்தால் போதும். முறிந்தது வால்வுதான், சிலிண்டரின் கழுத்தில் குல்லா ஏறும் திருகுமரை அப்படியே இருக்கிறது, சிலிண்டர் இந்த நிலையத்துப் பின்கட்டில் கிடக்கிறது. பழைய கம்பெனிச் சிலிண்டரின் கழுத்து பருமன், பினாங்குச் சிலிண்டரின் கழுத்து சிறியது. குணவதியின் குல்லா பழையது, அதோடு அவள் கை கீறக்கூடாது என்று விளிம்பை ராவியதில் முதல் மரையும் தேய்ந்து போயிருக்கிறது. அது எந்தச் சிலிண்டரிலும் இனி ஏறாது. அவளிடம் அரம் கிடையாது, அவள் திருடியிருந்தால் விளிம்பு கரடாக இருந்திருக்கும். என்னுடையதின் மரை முழுசாக இருக்கிறது. திருப்பி மாட்டவேண்டியது என்பதால்தான் அவர் ராவவில்லை என்று நேற்று இரண்டையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பட்டது. உள்ளே டாமார் கரி பிடித்திருக்கும், துடைக்காமல் கொண்டுவந்திருக்கிறேன். சதி செய்கிறவர் குல்லாவை எறிந்திருப்பார், வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மன் முன்னால் வைக்கமாட்டார். உத்தரவை மீறியது தப்பு. அதற்கு உள்ள தண்டனையை அவருக்கும் எனக்கும் கொடுங்கள். குணவதியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அவள் பெயர் இந்தக் காகிதங்களில் இருக்கவேண்டியதில்லை.

இதில் உள்ளது எல்லாம் நான் செய்ததும் கண்டதும் கேட்டதும். மாரியம்மன்மேல் ஆணையாக ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் விடவில்லை. நான் எழுதியதை ரைட்டர் வாசித்தபோது குணவதியும் கேட்டுக்கொண்டிருந்தாள், மறுப்பு சொல்லவில்லை, அழுதாள்.

இரண்டு குல்லாக்களையும் அந்தச் சிலிண்டரில் திருகிப் பார்த்து, என்ன முடிவு என்று சீக்கிரம் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். வெளியே வராந்தாவில் இருக்கிறேன். பதிலை என்னிடம் சொல்லுங்கள்.

(ஒப்பம்) ப. அழகம்மா