திடல் சமையலறைப் பூட்டை உடைத்தது பற்றி

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. எனக்கு வயது அறுபத்தாறு. ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை. விளையாட்டுத் திடலில் மாலைதோறும் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியும் அதன் பிறகு உணவும் கொடுக்கும் சங்கத்தில் நான் செயலாளர். பூட்டை உடைத்ததாகவும், எடை பார்க்க வந்தவர்களின் வேலைக்குத் தடையாக இருந்ததாகவும், ஒருவரைத் தள்ளியதாகவும் என் மேல் கொடுக்கப்பட்ட புகாரைக் காவல் நிலையத்தில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். அது பற்றி நான் சொல்வது பின்வருமாறு.

எங்கள் திடலுக்கு வருபவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள். ஓட்டமும் தாண்டலும் முடிந்ததும் ஆளுக்கு ஒரு முட்டை, வேகவைத்த பயறு, ஒரு பழம் கொடுப்போம். இது நடக்கும் வரை இரண்டு ஆண்டுகளாக ஒரு நாளும் நின்றதில்லை. உதவி செய்துவந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைவிரித்ததால், பிள்ளைகள் நலத்துக்கு மானியம் தரும் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தோம். மானியத்துக்குத் திட்டம் எழுதிக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்யும் ஒருவரைச் சங்கத் தலைவர் அழைத்து வந்தார். தலைவர் சைக்கிள் கடை வைத்திருப்பவர்.

திட்டம் எழுதுபவர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்க பசங்க ரொம்ப ஆரோக்கியமா இருக்காங்க, அதான் சிக்கலே" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அறக்கட்டளைக்காரர்கள் முதலில் ஒரு முறை எடை பார்ப்பார்கள் என்றும், ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள் என்றும், நடுவில் எடை கூடியிருந்தால்தான் மானியம் தொடரும் என்றும், இப்போதே நன்றாக இருக்கும் பிள்ளைகளிடம் கூட்டிக் காட்ட ஒன்றும் இல்லை என்றும் விளக்கினார். "அப்போ, நல்லா இருக்கிறத நல்லா இருக்குன்னே எழுதுங்க" என்று சொன்னேன். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அதன் பிறகு என் மகளுக்குப் பிரசவம் ஆனதால் நான் வெளியூர் சென்றேன். திரும்பிய அன்று மாலை நேராகத் திடலுக்குப் போனேன். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சமையலறை பூட்டியிருந்தது. சமைக்கும் அக்கா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். "எடை பாக்கிற வரைக்கும் அடுப்பு பத்த வேணாமாம் டீச்சர். தலைவர் சாவிய வாங்கிட்டுப் போயி ரெண்டு வாரமாச்சு. நான் கெஞ்சிப் பாத்துட்டேன்" என்றார்.

அப்போது எல்லோரும் வாண்டு என்று கூப்பிடும் சிறுமி என்னிடம் ஓடி வந்தாள். அவள் அம்மா தையல் வேலைக்குப் போய்விட்டு இரவில்தான் வீடு திரும்புவார். "டீச்சர், நான்தான் ஃபர்ஸ்ட்டு! எனக்குத்தான் எல்லாரையும் விட அதிகமா வெயிட் குறைஞ்சிருக்கு. திட்டம் எழுதுற அங்கிள் எனக்குக் கைதட்டினாரு" என்றாள். அவள் முகத்தில் இருந்தது பெருமை. இந்த வரியை விடாமல் எழுதும்படி அதிகாரியைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு சாவி கேட்கத் தலைவரின் கடைக்குப் போனேன். அவர் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. "கொஞ்ச நாள் பல்லக் கடிச்சுக்கிட்டா மூணு வருஷத்துக்குக் கவலை இல்ல டீச்சர்" என்றார். "யாரு பல்ல? உங்க பேரப் பிள்ளைங்க பல்லையா?" என்று கேட்டேன். அவர் அடுத்த சக்கரத்தை எடுத்தார். அவர் காசு தின்கிறவர் அல்லர் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பிள்ளைகளின் நல்லதற்காகவே பிள்ளைகளைப் பட்டினி போட்டார். என்னால் பொறுக்க முடியாதது அதுதான். ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் முன்னேற்றத்துக்குப் பரிசு என்று அறிவித்தால், நன்றாகப் படிக்கும் பிள்ளையை முதல் தேர்வில் தோற்கச் சொல்லும் ஆசிரியர் உண்டா? (உதாரணம் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லும்படி அதிகாரி கூறினார். நடந்ததே அதுதான் என்று சொன்னேன்.)

மறுநாள் மாலை அறக்கட்டளைக்காரர்கள் எடை பார்க்க வருவதாக இருந்தது. நான் முன்னதாகவே திடலுக்குப் போய்த் தலைவரிடம் மறுபடி சாவி கேட்டேன். அவர் கொடுக்கவில்லை. அதன் பிறகு யோசித்து, குண்டு எறியும் பயிற்சிக்கு வைத்திருக்கும் இரும்புக் குண்டை எடுத்துப் பூட்டை அடித்தேன். மூன்றாவது அடியில் பூட்டு விட்டது. புகாரில் அதை ஆயுதம் என்று எழுதியிருக்கிறார்கள். அது விளையாட்டுச் சாமான்.

உள்ளே முட்டையும் பயறும் பழமும் அடுக்கி வைத்திருந்தார்கள். மானியம் கிடைத்த பிறகு பிள்ளைகள் சாப்பிடுவதைப் படம் எடுப்பதற்காக என்று பிறகு தெரிந்தது. பழங்களில் பாதி அழுகியிருந்தன. அக்கா அடுப்பைப் பற்றவைத்தார். திட்டம் எழுதுபவர் எடை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலை மறித்து நின்றார். "வழி விடுங்க தம்பி, சூடா இருக்கு" என்று சொன்னேன். அவர் விலகியபோது இயந்திரம் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. நான் அவரைத் தொடவில்லை. என் இரண்டு கைகளிலும் பயறுச் சட்டி இருந்தது.

அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மையாரும் அவர் உதவியாளரும் வந்தபோது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மையார் கேட்டார், நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் வாண்டுவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எடை பார்க்காமலே வண்டியில் ஏறினார். அதன் பிறகு திட்டம் எழுதுபவர், "மூணு வருஷச் சோத்துல மண்ணப் போட்டுட்டியே, கிழவி" என்று பிள்ளைகள் முன்னால் கத்தினார். "இந்த ரெண்டு வாரச் சோத்துல போட்டது யாருப்பா?" என்று கேட்டேன்.

மானியம் இனிக் கிடைக்காது என்று தலைவர் சொல்கிறார். கிடைக்காமல் போகலாம். அடுத்த மாதம் முட்டைக்கு என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது. பசித்த பிள்ளையைக் காட்டினால்தான் பணம் வரும் என்றால், வேறு கதவைத் தட்டுவோம்.

இனித் திடலுக்குப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்தால் புகாரை முடித்துக்கொள்ளலாம் என்று அதிகாரி மரியாதையாகவே கூறினார். அப்படி எழுதித் தர மாட்டேன். இன்று மாலையும் போவேன்.

மேற்கண்டதை அதிகாரி எனக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். நான் 'ஆத்திரத்தில்' பூட்டை உடைத்ததாக ஓரிடத்தில் எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு 'யோசித்து' என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார். மற்றவை யாவும் நான் சொன்னபடியே உள்ளன, நடந்ததும் அவையே.

(ஒப்பம்)