இல்லாத கைக்கு ஒரு வைத்தியம்

தெரபிஸ்ட்: ...சரி, எந்தக் கையில வலி?

மேஸ்திரி: இடது கையிலம்மா.

டிரைவர்: அம்மா, அந்தக் கையே இவனுக்கு இல்லீங்க. சட்டையைத் தூக்கிப் பாருங்க. முழங்கைக்குக் கீழ ஒண்ணுமில்ல. போய் முப்பது வருஷம் ஆச்சு.

தெரபிஸ்ட்: தெரியும் சார். நீங்க இவருக்கு யாரு?

மேஸ்திரி: பக்கத்து வீடு. கார் வச்சிருக்கான், அதான் கூட வந்தான்.

டிரைவர்: கேட்டீங்களா? பட்டாளத்துல பாலம் கட்டற பிரிவுல ஒண்ணா இருந்தோம். இவன் மேஸ்திரி, நான் லாரி டிரைவர். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இப்ப நான் வெறும் பக்கத்து வீடாம்.

மேஸ்திரி: நீ வெளியில போய் ஒரு டீ குடிச்சிட்டு வாயேன்.

டிரைவர்: குடிச்சாச்சு. கழுத்து வலின்னுதானே என்னைக் கூட்டிட்டு வந்தே?

மேஸ்திரி: கழுத்தும் வலிக்குது.

டிரைவர்: மழுப்பாதே. இல்லாத கை எப்படிடா வலிக்கும்?

தெரபிஸ்ட்: வலிக்கும் சார். கை போனாலும் மூளை அதை விட்டுக்குடுக்காது. நீங்க சொல்லுங்க, எப்படி வலிக்குது?

மேஸ்திரி: மூடியே இருக்கும்மா. இறுக்கி... நகமெல்லாம் உள்ளங்கையில குத்துது. திறக்கணும்னு நினைக்கிறேன், முடியல.

டிரைவர்: எப்பலேர்ந்து?

மேஸ்திரி: அதை விடு.

டிரைவர்: உன்னைத்தான் கேக்கறேன்.

மேஸ்திரி: கை போன நாள்லேர்ந்து.

டிரைவர்: முப்பது வருஷமாவா? தினமும் உன் மூஞ்சியிலதானே முழிக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னியா?

மேஸ்திரி: சொல்லி என்ன ஆகப்போகுது... ஓய்வு பெற்ற சிப்பாய்க்கு எல்லா வைத்தியமும் இலவசம்னு கார்டு குடுத்தாங்கல்ல. எடுத்துக்கிட்டுப் போய், இடது கை வலிக்குதுன்னேன். கவுன்டர்ல இருந்தவர் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, உங்களுக்கு இடது கை இல்லைன்னு பதிவாயிருக்கு, அதனால வலி இருக்க வாய்ப்பில்லைன்னுட்டார்.

டிரைவர்: சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

தெரபிஸ்ட்: இப்ப அந்த வலிக்கும் கார்டுல வைத்தியம் உண்டு சார். ஆனா மாத்திரை, ஊசி, கரன்ட் எல்லாம் பாத்தாச்சு, கேக்கலன்னு உங்க ஃபைல்ல இருக்கு. மிச்சம் இந்தக் கண்ணாடிதான். இதுக்கும் திறக்கலேன்னா நரம்பு ஆபரேஷனுக்கு அனுப்பணும். உங்க இதயம் மயக்க மருந்தைத் தாங்குமான்னு... அதுதான் எனக்குப் பயம்.

டிரைவர்: ஆபரேஷன் பேச்சே வேணாம்மா. இதுலயே சரியாக்கிடுங்க.

தெரபிஸ்ட்: கண்ணாடியை மேசைக்கு நடுவுல நிறுத்தறேன். இடது பக்கம் கண்ணாடிக்குப் பின்னால போகட்டும். வலது கை முன்னால. தலையைச் சாய்ச்சு, கண்ணாடிக்குள்ள மட்டும் பாருங்க.

மேஸ்திரி: என் கைடா.

டிரைவர்: எங்க, நகரு... அட, ஆமா. உன் வலது கை கண்ணாடியில இடது கையாத் தெரியுது, ரெண்டு கை. உன்னை ரெண்டு கையோட பாத்து எத்தனை காலமாச்சு...

தெரபிஸ்ட்: விரலை மெதுவா ஆட்டுங்க.

மேஸ்திரி: ஆடுது... அம்மா, அங்கேயும் ஆடுது. வெறும் பார்வை இல்லம்மா, உள்ளுக்குள்ளயே தெரியுது.

தெரபிஸ்ட்: எனக்கே ஒவ்வொரு தடவையும் அதிசயமாத்தான் இருக்கும். இப்ப மூடித் திறங்க.

மேஸ்திரி: மூடறேன்... திறக்கறேன்... கண்ணாடியில திறந்துடுச்சு. உள்ள திறக்கல.

தெரபிஸ்ட்: இன்னொரு தடவை...

மேஸ்திரி: வேணாம்மா, இன்னும் இறுக்குது.

தெரபிஸ்ட்: சரி சரி, கையை எடுத்துடாதீங்க. ஒண்ணு கேக்கறேன். விபத்து எப்படி நடந்துது?

மேஸ்திரி: வெள்ளத்துல பாலம் போட்டுக்கிட்டிருந்தோம். இரும்பு உத்தரம் சரிஞ்சு கை மேல விழுந்துது.

தெரபிஸ்ட்: அப்ப கையில எதையாவது பிடிச்சிருந்தீங்களா?

மேஸ்திரி: ...ஆமா. ஒரு சாமான்.

டிரைவர்: சாமானா?

மேஸ்திரி: நீ சும்மா இரு. பாலத்துக்குக் கீழ தொங்கிட்டிருந்ததும்மா. விட்டா ஆத்தோட போயிடும். நல்ல பாரம்.

டிரைவர்: அப்படி ஒண்ணும் பாரமில்ல. அப்ப ஒல்லியாத்தான்... இருந்துது.

தெரபிஸ்ட்: அது மேல வந்துதா?

மேஸ்திரி: வந்துதுன்னு சொன்னாங்க. நான் பாக்கல. உத்தரம் விழுந்தும் பிடியை விடல. ஆனா ஆளுங்க ஓடி வந்து தூக்கறதுக்குள்ள எனக்கு நினைவு தப்பிடுச்சு.

தெரபிஸ்ட்: அப்ப, மேல வந்துடுச்சுன்னு உங்களுக்குத் தெரியும். அந்தக் கைக்குத் தெரியாது.

டிரைவர்: ...இன்னமும் பிடிச்சுக்கிட்டே இருக்குதாம்மா அது? இத்தனை வருஷமாவா?

தெரபிஸ்ட்: அப்படித்தான் தோணுது சார்.

டிரைவர்: ...கண்ணாடி முன்னால என் கையையும் வைக்கலாமா?

தெரபிஸ்ட்: எதுக்கு?

டிரைவர்: வைக்கலாமா, கூடாதா?

தெரபிஸ்ட்: ...வைங்க.

டிரைவர்: இந்தாடா. என் மணிக்கட்டைப் பிடி. நல்லா இறுக்கிப் பிடி. கண்ணாடியில பாரு.

மேஸ்திரி: வேணாம்டா...

டிரைவர்: பாருங்கறேன்ல.

மேஸ்திரி: ...இடது கைதான். உன்னைத்தான் பிடிச்சிருக்கு.

டிரைவர்: மேல வந்துட்டேன். தெரியுதா? கல்யாணம் ஆச்சு, பேரன் பொறந்தாச்சு, தொப்பையும் போட்டாச்சு. இனி எங்கேயும் விழ மாட்டேன். விட்டுடுடா.

தெரபிஸ்ட்: சார்? வலிக்குதா?

மேஸ்திரி: கட்டை விரல்... விலகுதும்மா. அடுத்ததும்... திறந்துடுச்சு. உள்ளங்கையில காத்து படுது.

தெரபிஸ்ட்: கையை எடுத்துடாதீங்க சார், அப்படியே பாத்துக்கிட்டே இருங்க.

டிரைவர்: தினமும் உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறேன். கண்ணெதிர்லயே இருந்தேனேடா. நான் மேல வந்துட்டேன்னு அந்தக் கைக்கு ஏன் புரியல?

மேஸ்திரி: விட்டுடாதேன்னு அன்னைக்குக் கீழேர்ந்து கத்தினே... விடுன்னு இன்னைக்குத்தானேடா சொல்றே.