கட்டியாகாத இரத்தம்

என் கை நடுங்குவதில்லை. அன்றும் வெள்ளை ஓட்டின் மேல் கந்தப்பனின் இரத்தத்துளியைக் கொள்ளுச்சாற்றுடன் கலந்து, மெதுவாகச் சாய்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் அவன் மனைவி ராக்காயிக்குப் பிள்ளை பிறந்தும் இரத்தப்போக்கு நிற்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போகும் ஹற்றன் வீதியில் மண் சரிந்து கிடந்தது. வாகனம் எதுவும் போகாது.

"என்னங்கய்யா, மாட்டுக்குப் போடுற கொள்ள வச்சா மனுச ரத்தத்தப் பாக்குறீங்க?"

"பேசாம இரும், கந்தப்பன்."

"குகநேசன், என்ன குறூப்? கெதியாச் சொல்லுங்கோ," என்று கதவடியில் நின்று கேட்டார் டொக்டர் ஊர்மிளா.

கொள்ளில் ஒரு புரதம் உண்டு. ஏ குறூப் அணுக்களின் மேலிருக்கும் ஒருவகைச் சீனியை அது பிடித்துக்கொள்ளும், இரத்தம் கட்டியாகும். கட்டியாகாவிட்டால் ஏ இல்லை. ஏ குறூப்பைக் காட்டும் சோதனை மருந்து வராத மாதங்களில் இந்தத் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரி ஓடியது அந்தச் சாற்றால்தான். சிக்கலும் அதுதான். நான் இரத்த வங்கி கேட்டுப் போனபோதெல்லாம் அதிகாரிகள் சிரித்தார்கள். "உங்கட கொள்ளு நல்லா வேலை செய்யுதே, பிறகென்ன?"

கட்டியாகவில்லை. பி குறூப்பைக் காட்டும் மருந்துக்கும் அசையவில்லை.

"ஓ," என்றேன். ராக்காயியும் ஓ.

"ரெண்டு ரத்தத்தையும் கலந்து பாத்தாச்சோ?"

"பாத்துக்கொண்டு நிண்டா ஆள் போயிடும், டொக்டர்."

கந்தப்பனின் இரத்தம் அவளுக்கு ஏறியது. கொஞ்ச நேரத்தில் ராக்காயிக்கு உடல் தூக்கிப்போட்டது. "இடுப்பு வெடிக்குதுங்கம்மா," என்றாள். சிறுநீர் பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனது. மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

"என் ரத்தம் கெட்ட ரத்தமாங்கய்யா?" என்று கேட்டான் கந்தப்பன்.

இல்லை என்றேன். அது உண்மை.

விசாரணைக்கு வந்தவர்கள் கொள்ளு பிழைத்துவிட்டது என்று எழுதினார்கள். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஆனால் இரத்த வங்கி வரவில்லை. என் சோதனை அறையைப் பூட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்காலத்தில் இன்னும் இரண்டு பெண்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில் லொறியிலேயே இறந்தார்கள். ஆக, ஒரு சாவு போதவில்லை.

கொள்ளு பிழைக்கவில்லை. கந்தப்பன் ஏ குறூப் என்பது எனக்கு முன்பே தெரியும். ஏ அணுக்களில் இருக்கும் அதே சீனி, பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்தது, என்னிடம் சின்னக் குப்பியில் இருந்தது. அன்று அதில் ஒரு சிட்டிகையைச் சாற்றில் கரைத்தேன். புரதம் அதைப் பிடித்துக்கொண்டது, அணுக்களை விட்டுவிட்டது.

கொள்ளுச்சாற்றை நம்பக்கூடாது என்று காட்ட ஓர் உயிர் வேண்டியிருந்தது. ராக்காயி எப்படியும் போகவிருந்தவள்தான். அவளுக்கு ஏற்ற ஓ இரத்தம் அங்கே யாரிடமும் இல்லை என்றுதான் விசாரணையில் சொன்னேன்.

என் இரத்தம் ஓ. என்னிடம் யாரும் கேட்கவில்லை.