தம்பியின் ரேட்டிங்

ஒடுகத்தூரிலிருந்து மலையேறும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் கைப்பேசியில் யாருடனோ செஸ் ஆடிக்கொண்டே சொன்னாள்:

"செத்துப்போன தம்பிக்கு ரேட்டிங் ஏறிக்கினே இருக்குதுக்கா."

"இன்னாடி ஒளர்ற?"

"அவன் பேர்ல நான்தான் ஆட்றேன்."

"அப்போ அவன விட நீ கெட்டிக்காரியா?"

"அய்யோ, அவன்கிட்ட ஒரு ஆட்டம்கூட நான் ஜெயிச்சதில்ல. எங்க ஊர்ல பாதி ஆட்டத்துல சிக்னல் பூடும். தோத்துட்டான்னு போட்டு ரேட்டிங்க கொறைச்சிடும். சிக்னலுக்காகத்தான் அன்னிக்கு மழையில பாறை மேல ஏறினான், வழுக்கி வுழுந்துட்டான்."

பேருந்து இரண்டு வளைவுகள் திரும்பியது.

"இப்போ சிக்னல் எப்பிடிடி?"

"அதே பாறை மேல டவர் வெச்சிட்டாங்கக்கா. வூட்ல படுத்துக்கினே ஜெயிக்கிறேன்."